பீலிவளையின் தீவும் ஏமாற்றிய ஒரு காதல் நாவலும்

நா. பார்த்தசாரதியின் ‘மணிபல்லவம்’ கல்கி இதழில் தொடராக வந்து பிறகு நூலான பெரிய நாவல். அந்தப் பெயரைப் பார்த்தவுடன் யாழ்ப்பாணத் தீவுப் பகுதியோடு தொடர்புள்ள எவருக்கும் கை தானாகவே அதை எடுக்கும். மணிபல்லவம் என்பது நயினாதீவுதான் என்று அந்தப் பக்கத்தில் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். முதலியார் செ. இராசநாயகம் 1926இல் வெளியிட்ட ‘பண்டைய யாழ்ப்பாணம்’ பற்றிய ஆங்கில நூலிலும் மணிபல்லவத்தை யாழ்ப்பாணப் பிரதேசத்தோடு இணைத்தே பேசினார். இதை ஏற்காத ஆய்வாளரும் உண்டு. எப்படியானாலும், ஒரு தீவின் பெயரைத் தலைப்பில் சுமந்த காதல் நாவல் அந்தத் தீவைப் பற்றி எதையாவது சொல்லும் என்று வாசகர் எதிர்பார்ப்பது நியாயந்தானே. வாசிச்சு முடித்தபின் கையில் மிஞ்சுவது குறைவு. ஏன் குறைவு என்பதை விளங்கிக்கொண்டால், இன்று ‘மாய யதார்த்தக் காதல்’ என்ற பெயரில் வருகிற நாவல்கள் பல ஏன் சப்பென்று போகின்றன என்பதும் விளங்கும். நமது எழுத்தாளர்களில் சிலர் வடக்கை, கடலை, ஜின்களை, பழைய மாலுமிகளை வைத்து எழுத முனைகிற இந்தக் காலத்தில் அது பயனில்லாத விசாரணை அல்ல.

முதலில் சொல்லைப் பார்ப்போம். மாய யதார்த்தம் என்ற சொல் 1925இல் ஃபிரான்ஸ் ரோ என்ற ஜெர்மன் கலை விமர்சகர் ஓவியத்தைப் பற்றிப் பேசும்போது வந்தது. கியூபா எழுத்தாளர் அலெஹோ கார்ப்பெந்தியர் 1949இல் தமது நாவலொன்றின் முன்னுரையில் வேறொரு கோணத்தில் இதைச் சொன்னார்: எங்கள் மண்ணில் அற்புதம் என்பது கற்பனையில் செய்து ஒட்ட வேண்டிய பொருளல்ல, வரலாற்றிலேயே கிடக்கிறது என்று. 1967இல் கார்சியா மார்க்வெஸின் ‘தனிமையின் நூறு ஆண்டுகள்’ வந்தபிறகு இது உலகமெங்கும் பரவியது. தமிழிலும் 2013இல் அந்நாவல் வந்துவிட்டது. அதில் ரெமெதியோஸ் என்ற அழகி வானத்தில் ஏறிப் போய்விடுகிறாள். எல்லாரும் எடுத்துச் சொல்லும் காட்சி இது. ஆனால் கவனிக்க வேண்டியது அவளை அல்ல, படுக்கை விரிப்புகளை. வீட்டுப் பெண்கள் விரிப்பு மடித்துக்கொண்டிருக்கும்போது அவள் அந்த விரிப்புகளோடு மேலே போகிறாள். போனபிறகு வீட்டில் ஒருத்தி, விரிப்புகள் போய்விட்டனவே என்று பொருமிக்கொண்டிருக்கிறாள். அந்தப் பொருமல்தான் நம்மை நம்ப வைக்கிறது. அற்புதத்துக்கும் வீட்டுக் கணக்குக்கும் இடையில் ஒரு முடிச்சுப் போடப்பட்டிருக்கிறது.

இதற்கு லத்தீன் அமெரிக்கா வரைக்கும் போகத் தேவையில்லை. நாகூர் ஷாகுல் ஹமீது ஆண்டகையைப் பற்றிய கதை நம் வீடுகளில் சொல்லப்படுகிறது. அவர்களுக்கு நாவிதர் முடி வழித்துக்கொண்டிருக்கிறார். நடுக்கடலில் ஒரு கப்பலில் ஓட்டை விழுகிறது. ஆண்டகை கையில் இருந்த கண்ணாடியை எறிகிறார்கள். அது போய் ஓட்டையை அடைக்கிறது. கப்பல் கரை சேர்ந்ததும் மாலுமிகள் கண்ணாடியைத் திருப்பிக் கொண்டுவருகிறார்கள். கராமத்தை ஏற்பவரும் ஏற்காதவரும் நம்மிடையே உண்டு. அந்த விவாதத்துக்கு இது இடமில்லை. கதை சொல்லும் முறையை மட்டும் பாருங்கள். எறியப்பட்டது ஒளியோ வாளோ அல்ல, ஒரு தொழிலாளியின் தொழிற்கருவி. அதற்கு உரிமையாளர் இருக்கிறார், அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இந்தக் கதையைச் சொன்ன நம் பாட்டன் பாட்டிமார் எந்த இலக்கியக் கோட்பாட்டையும் படிச்சதில்லை. நாகூர்க் கரைக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையில் கிடப்பது அதே கடல்தான் என்பதையும் சொல்லி வைக்கலாம்.

இனி நயினாதீவுக்கு வருவோம். சாத்தனாரின் ‘மணிமேகலை’ அந்தத் தீவைப் பற்றிச் சொல்லும் கதைகளில் இரண்டு, இந்த முடிச்சைப் போடுவதில் யாருக்கும் பின்னிற்கவில்லை.

ஒன்று ஆபுத்திரன் கதை. அவனிடம் எடுக்க எடுக்கக் குறையாத அமுதசுரபி இருக்கிறது. சாவக நாட்டில் பஞ்சம் என்று கேட்டு, அங்கே சோறு கொடுக்கலாம் என்று கப்பலேறுகிறான். காற்று கடுமையாகிறது. கப்பல் மணிபல்லவத்தில் ஒருநாள் தரிக்கிறது. அவன் இறங்குகிறான். அவனும் ஏறிவிட்டான் என்று நினைத்துக் கப்பற்காரர் இரவில் பாயை விரித்துப் போய்விடுகிறார்கள். இப்போது பாருங்கள்: ஆளில்லாத தீவு, ஒரு மனிதன், உலகத்துக்கே சோறு போடக்கூடிய பாத்திரம். பசித்தவர் ஒருவருமில்லை. தன் ஒரு வயிற்றுக்காக இதை வைத்திருப்பதா என்று கேட்டு, பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு, உண்ணாமல் கிடந்து உயிரை விடுகிறான். அற்புதப் பொருள் கையில் இருந்தும் செத்துப்போகிறான். காரணம் ஒரு கப்பற்காரனின் கவனக்குறைவு, ஆள் எண்ணிப் பார்க்காத சாதாரணத் தவறு. தீவில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது புராணம் போலவே தெரியாது. கடைசிப் படகைத் தவறவிடுவது என்ன என்று குறிகட்டுவான் இறங்குதுறையில் நின்றவரைக் கேட்டால் சொல்லுவார்.

மற்றது பீலிவளையின் கதை. இது காதற்கதை. நாகநாட்டு மன்னன் வளைவணனின் மகள் அவள். சோழ மன்னன் கிள்ளி அவளைப் புகாரின் சோலையொன்றில் தனியே காண்கிறான். ஒரு மாதம் சேர்ந்திருக்கிறார்கள். பிறகு அவள் சொல்லாமல் மறைந்துவிடுகிறாள். அவளுக்குப் பிள்ளை பிறக்கிறது. மணிபல்லவத்தில் வந்து தரித்த கம்பளச் செட்டி என்ற வணிகனின் கப்பலில் அந்தப் பிள்ளையைத் தகப்பனிடம் சேர்க்கும்படி கொடுத்து அனுப்புகிறாள். அன்றிரவே கப்பல் உடைகிறது. தப்பினவர்கள் போய் மன்னனிடம் சொல்கிறார்கள். அவன் பிள்ளையைத் தேடி அலைந்ததில் இந்திர விழாவை மறக்கிறான். விழா மறந்ததால் கடல் வந்து புகாரைக் கொண்டுபோகிறது.

காதல் நாவல் தேடும் வாசகருக்கு இதுவும் ஏமாற்றந்தான் என்று ஒருவர் சொல்லலாம். அந்த ஒரு மாதத்தில் என்ன நடந்தது, அவள் என்ன கதைத்தாள், ஏன் சொல்லாமல் போனாள் என்று ஒன்றும் சாத்தனார் சொல்லவில்லை. கதையே வேறொருவர் வாய்வழியாகத்தான் நமக்கு வருகிறது. பிள்ளையைக் கப்பலேற்றிவிட்டுக் கரையில் நின்ற பெண்ணின் முகத்தை நாம் காண்பதேயில்லை. உண்மைதான். ஆனால் காதலுக்கு விலை உண்டு என்று அந்தக் காவியம் சொல்கிறது, அந்த விலையைக் கணக்குப் பண்ணியும் காட்டுகிறது: ஒரு மாதச் சந்திப்பு, ஒரு பிள்ளை, ஒரு கப்பல், ஒரு விழா, ஒரு நகரம். ஒன்றிலிருந்து மற்றது பிறக்கிறது.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய ஆவணம் ஒன்று அதே தீவிலேயே இருக்கிறது. நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலில் உள்ள தமிழ்க் கல்வெட்டு அது. முதலாம் பராக்கிரமபாகு (1153–1186) காலத்துக் கட்டளை. பேராசிரியர் கா. இந்திரபாலா 1963இல் அதை வாசித்து வெளியிட்டார். பிறநாட்டு வணிகர் ஊராத்துறையில் வந்து தங்க வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்க வேண்டும் என்கிறது கல்வெட்டு. ஊராத்துறை என்பது இன்றைய ஊர்காவற்றுறை. பறங்கியர் ‘கயிஸ்’ என்று அதை அழைத்ததும் துறை, இறங்குமேடை என்ற பொருளில்தான். கல்வெட்டின் அடுத்த பகுதி இன்னும் சுவையானது. யானையும் குதிரையும் கொண்டுவரும் கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. சரக்குக் கப்பல் உடைந்தால் பாதி பண்டாரத்துக்கு, பாதி உடையவனுக்கு.

ஏன் இந்த வித்தியாசம்? அரசனுக்கு யானையிலும் குதிரையிலும் விருப்பம் என்று கல்வெட்டே காரணம் சொல்கிறது. படைக்கு அவை வேண்டும். உடைந்தாலும் பெரும்பங்கு உனக்கே, பயப்படாமல் கொண்டுவா என்று வணிகனுக்குக் கொடுத்த உறுதி அது. அந்தக் காலத்து இந்தியப் பெருங்கடலில் குதிரை வணிகம் பெரும்பாலும் யாருடைய கையில் இருந்தது என்பது இந்த இதழின் வாசகர்களுக்குத் தெரியும். அராபியரும் பாரசீகரும் அவர்களோடு தொழில் செய்த நம் கடற்கரை மரைக்காயர்களுமே கல்வெட்டில் பெயர் சொல்லாமல் வரும் அந்தப் பிறநாட்டாரில் முக்கியமானவர்கள் என்று நான் கருதுகிறேன்.

காவியத்துக்கும் கல்வெட்டுக்கும் இடையில் பல நூற்றாண்டு இடைவெளி. இருந்தாலும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே கடல், ஒரே ஆபத்து: கப்பல் உடைதல். ஒன்றில் அரச குழந்தை தொலைகிறது, மற்றதில் சரக்கு பங்கு பிரிக்கப்படுகிறது. கம்பளச் செட்டியின் கப்பல் உடைந்த காலையில் கரைக்கு வந்த துறைமுகக் கணக்கன் ஒருவனைக் கற்பனை பண்ணிப் பாருங்கள். கம்பளம் இத்தனை, பாதி அரசனுக்கு, பாதி உடையவனுக்கு. தொட்டில் ஒன்று, பிள்ளையைக் காணவில்லை. இதை எந்தப் பக்கத்தில் எழுதுவான் அவன்? மாய யதார்த்தக் காதல் நாவலொன்று பிறக்க வேண்டிய இடம் இதுதான்.

‘மணிபல்லவம்’ நாவல் இந்த இடத்துக்கு வருவதில்லை. கதை பூம்புகாரில் தொடங்குகிறது. நாயகன் இளங்குமரன் அழகன், வீரன், தாய் தந்தை யாரென்று தெரியாதவன். செல்வர் மகள் சுரமஞ்சரி, அவனோடு பழகி வளர்ந்த முல்லை, துறவி விசாகை என்று மூன்று பெண்களின் அன்பு மூன்று விதமாக அவனைச் சுற்றி வருகிறது. அவனுடைய பிறப்பின் மர்மம் மணிபல்லவத்துக்கும் நாகநாட்டுக்கும் போகும் பயணத்தில்தான் அவிழ்கிறது. கடைசியில் சுரமஞ்சரி அவனோடு சேர்கிறாள்.

நா.பா.வின் தமிழ் அழகானது. அதில் சந்தேகமில்லை. வறுமையைப் பற்றியும் செல்வத்தின் செருக்கைப் பற்றியும் அவர் எழுதும் பக்கங்களில் ‘குறிஞ்சிமலர்’ எழுதிய அதே மனம் தெரிகிறது. விசாகையை வைத்து ஆணும் பெண்ணும் அறிவின் வழியே மதிப்போடு பழகலாம் என்று காட்டியது அந்தக் காலத்துத் தொடர்கதைக்குப் புதுசு. வாராவாரம் ஒரு முடிச்சு வைக்க வேண்டிய நெருக்கடியும் அவருக்கு இருந்தது. இவ்வளவையும் ஒப்புக்கொண்டே சொல்கிறேன், தீவு அவருக்குப் பயன்படவில்லை.

ஒரு சின்னச் சோதனை. அந்த நாவலில் மணிபல்லவம் என்ற பெயரை எடுத்துவிட்டு வேறொரு தீவின் பெயரைப் போட்டால் கதைக்கு என்ன ஆகும்? பெரிதாக ஒன்றும் ஆகாது. இரகசியம் ஒளிந்திருக்கும் தூரத்து இடம் ஒன்று வேண்டும், அவ்வளவுதான். ஆபுத்திரன் கதையில் இதைச் செய்ய முடியாது. ஆளில்லாமை, கப்பல் வந்துபோகும் வழி, நன்னீர்ப் பொய்கை என்ற மூன்றும் சேர்ந்த இடம் இல்லாட்டி அவன் சாக மாட்டான்.

அடுத்தது, பயணத்தின் விளைவு. காவியத்தில் மணிமேகலையைத் தெய்வம் உறக்கத்தில் தூக்கிக்கொண்டு வந்து தீவில் விடுகிறது. அவள் தனியாக விழிக்கிறாள், முற்பிறப்பை அறிகிறாள், கையில் பாத்திரத்தோடு திரும்புகிறாள். திரும்பியபின் அவளுக்கு ஊர் முழுக்க வேலை இருக்கிறது: பசித்தவருக்குச் சோறு, சிறைச்சாலையை அறச்சாலை ஆக்குதல். நாவலில் முற்பிறப்பு அறிதல் என்பது குடும்ப இரகசியம் அறிதலாகச் சுருங்கிவிடுகிறது. தனியே போன பெண்ணின் இடத்தில் ஒரு வாலிபன் நிற்கிறான். அவன் திரும்பி வருவது ஒரு குடும்பக் கணக்கோடு. அற்புதம் போனது குறையல்ல. ஒரு எழுத்தாளர் அற்புதம் வேண்டாம் என்று வைக்கலாம். ஆனால் அற்புதத்தை எடுத்த இடத்தில் அதே பாரமுள்ள இன்னொன்றை வைக்க வேண்டும். கல்வெட்டுச் சொல்லும் கப்பல் வணிகம், பங்குக் கணக்கு, பிறநாட்டார், துறைமுகம் என்று எத்தனையோ கிடந்தன. பீலிவளையின் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்திருக்கலாம்.

அவர் எழுதியது மாய யதார்த்தமே அல்ல, சரித்திரப் பின்னணி நாவல். மார்க்வெஸின் அளவுகோலால் அதை அளப்பது முறையா என்று யாரும் கேட்கலாம். முறையில்லைதான். நான் அளப்பது சாத்தனாரின் அளவுகோலால். அந்தப் பெயரை எடுத்துத் தலைப்பில் வைத்தவர் நா.பா.தான்.

இதே தீவுப் பகுதியில் நடக்கும் இன்னொரு காதல் நாவல் செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’. 1973இல் வீரகேசரிப் பிரசுரமாக வந்தது. களம் நெடுந்தீவு. பருவத்துக்கு வெளியூரிலிருந்து வந்து வாடி போட்டு மீன் பிடிக்கும் சம்மாட்டிகள், உள்ளூர்ப் பெண்கள், அவர்களுக்கிடையில் வரும் காதல், பகை. மாயம் மந்திரம் ஒன்றும் கிடையாது. ஆனால் காற்று இருக்கிறது. வாடை எப்ப தொடங்கும், எப்ப முடியும் என்பதுதான் ஆட்களைத் தீவுக்குக் கொண்டுவருகிறது, திரும்பவும் கூட்டிக்கொண்டு போகிறது. காதலுக்கு எவ்வளவு நாள் கிடைக்கும் என்பதைக் காற்று தீர்மானிக்கிறது. புவியியல் படித்த ஒருவரின் நாவல் என்று சொல்லாமலே தெரியும். 1978இல் இது படமாகவும் வந்தது. அதற்கு இசையமைத்தவர் ரி. எவ். லத்தீப் என்பதை நம்மவர் பலர் மறந்துவிட்டார்கள். பீலிவளையின் ஒரு மாதமும் வாடைக்காற்றின் பருவமும் ஒரே இனந்தான்: கடல் கொடுத்த தவணைக்குள் நடக்கும் காதல்.

இன்று ‘மாய யதார்த்தம்’ என்று அட்டையில் போட்டு வரும் காதல் நாவல்களில் ஒரு பழக்கத்தைக் காண்கிறேன். பெண் கடலோடு கதைக்கிறாள். பறவை கடிதம் கொண்டுவருகிறது. நிலவில் குதிரை ஓடுகிறது. எதற்கும் செலவு இல்லை. குதிரைக்குத் தண்ணீர் எங்கே என்று ஒருவரும் கேட்பதில்லை. நெடுந்தீவில் உண்மையாகவே குதிரைகள் கட்டாக்காலியாகத் திரிகின்றன. பறங்கியர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் காலங்களில் படைக்கு வளர்த்த குதிரைகளின் மிச்சம். கோடையில் அவற்றுக்குத் தண்ணீர் கிடைப்பது பெரும் பாடு. பவளக்கல் மதில், புறாக்கூடு, வளர்வதாகச் சொல்லி மக்கள் வணங்கும் கல், பாறையில் ஒரு பெரிய பாதத் தடம் என்று அந்தத் தீவில் கிடப்பதை அப்படியே எழுதினாலே வெளியூரார் கற்பனை என்பார்கள். அதன்மேல் இன்னும் மாயத்தைப் பூசினால் கிடக்கிற அற்புதமும் மறைந்துபோகும்.

நமக்கென்று அங்கே ஒரு சாட்சி நிற்கிறது. நெடுந்தீவின் பெருக்க மரம். உள்ளே ஆள் நுழையக்கூடிய பொந்துள்ளது. மன்னாரிலும் இந்த மரங்கள் உண்டு. ஆபிரிக்காவுக்குரிய மரம், அராபிய வணிகர் கொண்டுவந்து நட்டார்கள் என்பது பரவலான நம்பிக்கை. காதல் நாவல் எழுத வருகிறவர் இந்த மரத்தின் கீழ் அராபிய மாலுமியையும் தீவுப் பெண்ணையும் சந்திக்க வைக்கத்தான் முதலில் ஆசைப்படுவார். செய்யட்டும். ஆனால் அவன் என்ன சரக்குக் கொண்டுவந்தான், எந்தக் காற்றுக்கு வந்து எந்தக் காற்றுக்குப் போக வேண்டும், மஹர் என்ன பேசினார்கள், அவன் வராமல் போன வருடங்களில் அந்தப் பெண் எதை வைத்துச் சீவித்தாள், பிள்ளைக்கு யார் பெயர் வைத்தது என்றெல்லாம் எழுத வேண்டும். அதை எழுதாட்டி மரம் வெறும் படந்தான்.

இன்னொன்றையும் தாண்டிப் போக முடியாது. அந்தக் கடலில் 1985 மே 15இல் குமுதினிப் படகில் நெடுந்தீவிலிருந்து போனவர்கள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 1990 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாண நகர முஸ்லிம்களுக்குப் புலிகள் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். தலைமுறை தலைமுறையாக இருந்த ஒரு சமூகம் ஒரு பொழுதுக்குள் இல்லாமல் போனது. கார்ப்பெந்தியர் சொன்ன பொருளில் பார்த்தால், நம்ப முடியாதது நடந்தது இங்கேதான். இதை எழுதும்போது வீடுகள் பறந்தன, கதவுகள் அழுதன என்று எழுதச் சொல்லி ஒரு சபலம் வரும். அதைவிட அடுப்பில் எது வெந்துகொண்டிருந்தது, எந்தத் திறப்பை யாரிடம் கொடுத்துவிட்டு வந்தார்கள், அந்தத் திறப்பு இப்ப எங்கே கிடக்கிறது என்று எழுதினால் போதும். நாவிதரின் கண்ணாடி போல அதற்கும் உரிமையாளர் உண்டு.

நயினாதீவில் விகாரையும் கோயிலும் இருப்பது உலகத்துக்குத் தெரியும். பள்ளிவாசலும் இருக்கிறது என்பதைச் சுற்றுலாப் புத்தகங்கள் சொல்வது குறைவு. அந்தத் தீவிலும் வேலணை, ஊர்காவற்றுறைப் பக்கங்களிலும் கடலோடும் கடையோடும் வாழ்ந்த நம்மவரின் கதைகள் வாய்ப்பேச்சில் இன்னும் இருக்கின்றன. சொல்லக்கூடியவர்களுக்கு வயது போகிறது. உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் உட்கார்ந்து கேளுங்கள். ஜின் பார்த்த கதை சொன்னால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அதோடு சேர்த்து வள்ளத்தின் பெயர், அதை ஓட்டியவர், ஏற்றிய சரக்கு, எந்தக் காற்று, கரையில் யார் காத்திருந்தது என்பதையும் கேட்டு எழுதி வையுங்கள்.